விலை ஒன்று, வேகம் வேறு

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம். சபா மாநிலத்தின் வடக்கே உள்ள பித்தாஸ் மாவட்டத்தில், பல்கலைக்கழக மாணவி ஒருவர் மரத்தின் மீது ஏறி அமர்ந்து இயங்கலைத் தேர்வு எழுதினார். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்ததால் அவர் தம் கிராமத்துக்குத் திரும்பியிருந்தார். வீட்டில் இணைய அலை நிலையாகக் கிடைக்கவில்லை. எனவே, கொசுவலையையும் உணவையும் எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறினார். இரவையும் அங்கேயே கழித்தார். அவர் பதிவேற்றிய காணொலியை நாடு முழுவதும் மக்கள் பார்த்தனர்.

பலரும் அவருடைய மன உறுதியைப் பாராட்டினர். அது பாராட்டுக்குரியதுதான். ஆனால், அந்த மாணவியின் கைப்பேசியில் இருந்த சிம் அட்டைக்கும் தலைநகரில் உள்ள ஒருவரின் சிம் அட்டைக்கும் விலையில் வேறுபாடு இல்லை என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. ஒரே விலை கொடுத்த இருவரில் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து தேர்வு எழுதலாம். மற்றவர் மரம் ஏற வேண்டும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

மரத்தில் ஏறியதால் கைப்பேசியின் ஆற்றல் கூடிவிடுவதில்லை. கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் நடுவே இருந்த தடைகள் குறைகின்றன, அவ்வளவுதான். கைப்பேசி இணையம் வானொலி அலைகளின் வழியாக இயங்குகிறது. குன்று, அடர்ந்த காடு, ஈரமான இலைகள் ஆகியவை இந்த அலைகளைத் தடுக்கும் அல்லது வலுவிழக்கச் செய்யும். உட்புறக் கிராமங்களிலும் தோட்டப்புறங்களிலும் பரவலாகக் காணப்படும் துத்தநாகக் கூரையும் ஓர் உலோகத் தகடுதான். அதனால்தான், வாசலில் நிற்கும்போது இரண்டு கோடுகள் காட்டும் கைப்பேசி, வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றுமே காட்டாமல் போகிறது.

அலைகள் எல்லாம் ஒரே மாதிரியானவையும் அல்ல. 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள் நெடுந்தொலைவு செல்லும்; சுவர்களையும் மரங்களையும் ஓரளவு ஊடுருவும். 2,600 அல்லது 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மிகுதியான தரவைச் சுமக்கும். ஆனால், விரைவில் வலுவிழந்துவிடும். மக்கள் நெருக்கமாக வாழும் நகரத்தில் சிறு சிறு தொலைவில் கோபுரங்களை எழுப்பி உயர் அதிர்வெண்ணைப் பயன்படுத்துவது இலாபகரமானது. உட்புறப் பகுதிக்குத் தேவைப்படுவதோ தொலைவு செல்லும் அலை. மலேசியாவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியைப் பல்லாண்டுகளாகப் பழைய வகைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு பிடித்துக்கொண்டிருந்தது. 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் அந்த ஒளிபரப்பு முற்றாக நிறுத்தப்பட்ட பிறகே அப்பகுதி கைப்பேசிச் சேவைக்குக் கிடைத்தது.

தோட்டப்புறத்திலும் கிராமத்திலும் அடிக்கடி கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. "காணொலி பார்க்க முடிகிறது; வீட்டுப்பாடத்தை அனுப்பத்தான் முடியவில்லை." கேட்பவர்கள் சிலர் இதை மாணவர்கள் சொல்லும் சாக்கு என்று நினைப்பதுண்டு. உண்மையில் இதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது. கோபுரத்தில் உள்ள கருவி பல பத்து வாட் ஆற்றலுடன் அலைகளை அனுப்புகிறது. கையில் உள்ள கைப்பேசியோ ஏறக்குறைய 0.2 வாட் ஆற்றலில்தான் பதில் அனுப்ப முடியும். ஒலிபெருக்கியில் பேசுபவரின் குரல் திடலின் மறுமுனைக்குக் கேட்கும். மறுமுனையில் இருப்பவர் மெல்லச் சொல்லும் பதில் மேடைக்குக் கேட்காது. அதுபோலவே, கோபுரத்திலிருந்து வரும் தரவு கைப்பேசியை வந்தடைந்தாலும், கைப்பேசி அனுப்பும் படம் கோபுரத்தை எட்டுவதில்லை. தொலைவில் உள்ள கோபுரத்தை எட்ட முயலும் கைப்பேசி தன் முழு ஆற்றலையும் செலவிடுவதால் மின்கலமும் விரைவில் தீர்ந்துபோகிறது. மின்சாரத்துக்கு ஜெனரேட்டரை நம்பியிருக்கும் ஊர்களில் இது இரட்டைத் தொல்லை.

சரி, கோபுரம் அருகிலேயே இருந்தால் போதுமா? அதுவும் போதாது. கோபுரம் இணையத்தின் ஊற்று அன்று. அது ஒரு குழாயின் முனை மட்டுமே. கைப்பேசியிலிருந்து வரும் தரவைக் கோபுரம் நகரத்தில் உள்ள மையத்துக்கு அனுப்பியாக வேண்டும். இந்தப் பின்புற இணைப்பு ஒளியிழை வடமாக இருந்தால் ஏராளமான தரவு பாயும். ஒளியிழை வடம் போட வழியில்லாத இடங்களில் ஒரு கோபுரத்திலிருந்து மற்றொரு கோபுரத்துக்கு நுண்ணலை வழியாகத் தரவை அனுப்புகின்றனர். அதற்கு இரு கோபுரங்களும் ஒன்றையொன்று தடையின்றிப் 'பார்க்க' வேண்டும். நடுவே மலை இருந்தால் மலையுச்சியில் இன்னொரு கோபுரம் தேவைப்படும். இப்படிப் பல கோபுரங்களைத் தாண்டி வரும் குழாயில் ஓர் ஊரே ஒரே நேரத்தில் நீர் பிடித்தால் என்ன ஆகும்? ஒவ்வொருவருக்கும் சொட்டு சொட்டாகத்தான் கிடைக்கும். கைப்பேசியில் நான்கு கோடுகள் தெரியும்போதும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கோடுகள் காட்டுவது கோபுரத்துடன் உள்ள தொடர்பின் வலிமையை மட்டுமே. கோபுரத்துக்குப் பின்னால் உள்ள நெரிசலை அவை காட்டுவதில்லை.

வேகத்தின் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 1 கிகாபைட் என்பது ஏறக்குறைய 8,000 மெகாபிட். விநாடிக்கு 35 மெகாபிட் வேகத்தில் இதைப் பதிவிறக்கம் செய்ய நான்கு நிமிடத்துக்கும் குறைவான நேரமே ஆகும். விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அதே வேலைக்கு 2 மணி 13 நிமிடம் ஆகும். அதற்குள் தொடர்பு ஒருமுறை அறுந்தால் சில நேரங்களில் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

கோபுரங்களைக் கூடுதலாகக் கட்டினால் சிக்கல் தீருமே என்று தோன்றும். இங்கேதான் பணம் குறுக்கிடுகிறது. சிலாங்கூர் மாநிலத்தின் பரப்பளவு ஏறக்குறைய 8,000 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்பவர்கள் ஏறத்தாழ 70 இலட்சம் பேர். சரவாக்கின் பரப்பளவு 1,24,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மக்கள் தொகையோ ஏறத்தாழ 25 இலட்சம்தான். அதாவது, சிலாங்கூரில் ஒரு சதுர கிலோமீட்டரில் 850க்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். சரவாக்கில் ஏறக்குறைய 20 பேர். நகரத்தில் ஒரு கோபுரத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். ஆற்றங்கரை நீண்டவீடு ஒன்றின் அருகே கட்டப்படும் கோபுரத்துக்குச் சில நூறு பேர் இருந்தாலே பெரிது. ஆனால், செலவு அங்கேதான் கூடுதல். சாலை இல்லாத இடங்களுக்கு இரும்பையும் சிமெண்டையும் படகிலோ ஹெலிகாப்டரிலோ கொண்டு செல்ல வேண்டும். மின்கம்பி இல்லாத இடத்தில் டீசல் ஜெனரேட்டரோ சூரியத் தகடுகளோ வைக்க வேண்டும். பழுதுபார்க்கச் செல்பவருக்கே ஒரு நாள் பயணமாகும்.

தனியார் நிறுவனம் இலாபத்தைப் பார்த்தே முதலீடு செய்யும். இதை அறிந்தே நாட்டின் சட்டத்தில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ், குறிப்பிட்ட வருமானத்தைத் தாண்டும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் நிகர வருமானத்தின் ஒரு பகுதியில் 6 விழுக்காட்டைப் பொது நிதி ஒன்றுக்குச் செலுத்த வேண்டும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நிர்வகிக்கும் இந்த நிதியிலிருந்து, சேவை குறைந்த இடங்களில் கோபுரங்களும் சமூக இணைய மையங்களும் அமைக்கப்படுகின்றன. நகரத்தில் ஒருவர் செலுத்தும் கட்டணத்தின் ஒரு சிறு துளி எங்கோ ஓர் உட்புறக் கோபுரத்துக்குப் போகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால், குத்தகை விடுவது முதல் கோபுரம் இயங்குவது வரை பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. ஆறாம் ஆண்டு நிறைவதற்குள் கோபுரம் வந்துவிடும் என்று சொல்லப்பட்ட ஒரு குழந்தை, இடைநிலைப்பள்ளியை முடித்துவிட்டும் காத்திருக்கலாம்.

பெருந்தொற்று இந்தக் காத்திருப்பின் விலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2020ஆம் ஆண்டில் ஜெண்டெலா என்னும் தேசியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மலாய்மொழியில் அச்சொல்லுக்குச் 'சன்னல்' என்று பொருள். மக்கள் வாழும் பகுதிகளில் 91.8 விழுக்காடாக இருந்த 4ஜி சேவையை 2022ஆம் ஆண்டு இறுதிக்குள் 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்துவதும், கைப்பேசி இணையத்தின் சராசரி வேகத்தை விநாடிக்கு 25 மெகாபிட்டிலிருந்து 35 மெகாபிட்டுக்கு உயர்த்துவதும் அதன் முதல் கட்ட இலக்குகளில் அடங்கும். பல புதிய கோபுரங்கள் எழுந்தன. பழைய கோபுரங்கள் மேம்படுத்தப்பட்டன. நிலைமை முன்னேறியது என்பதில் ஐயமில்லை.

இருப்பினும், 96.9 என்ற எண்ணைப் படிக்கும்போது இரண்டு சொற்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, 'மக்கள் வாழும் பகுதிகள்'. அது நாட்டின் முழு நிலப்பரப்பையும் குறிப்பதன்று. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள 40 கிலோமீட்டர் மண்சாலை, செம்பனை அறுவடை நடக்கும் உள்தோட்டம், மீனவர் செல்லும் கடல் ஆகியவை அந்தக் கணக்கில் தெரிவதில்லை. மற்றொன்று, 'சராசரி வேகம்'. நகரத்தில் ஒருவருக்கு 69 மெகாபிட்டும் கிராமத்தில் ஒருவருக்கு 1 மெகாபிட்டும் கிடைத்தால் சராசரி 35 ஆகிவிடும். இலக்கு எட்டப்பட்டது என்று அறிக்கை சொல்லும். கிராமத்தில் உள்ளவரின் காணொலி வகுப்போ உறைந்து நிற்கும். மேலும், எஞ்சிய 3.1 விழுக்காடு நாடு முழுவதும் சமமாகத் தூவப்பட்டிருக்கவில்லை. அது பெரும்பாலும் மலைப்பகுதிகளிலும் பழங்குடி ஊர்களிலும் சபா, சரவாக் உட்புறங்களிலும் குவிந்து கிடந்தது.

தீபகற்பத்தின் செம்பனைத் தோட்டங்களும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. தோட்டம் தனியார் நிலம். அங்கே கோபுரம் எழுப்ப நில உரிமையாளரின் இசைவு தேவை. பல தோட்டங்களில் குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர்ந்துவிட்டதால் எஞ்சியிருக்கும் லயங்களில் வாடிக்கையாளர் எண்ணிக்கையும் குறைவு. நெடுஞ்சாலையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே சென்றாலே அலை மங்கிவிடுகிறது. நகரத்துக்கு மிக அருகில் இருப்பதால் 'உட்புறம்' என்று யாரும் இத்தகைய இடங்களை நினைப்பதில்லை.

இனி விலையைப் பார்ப்போம். முன்கட்டணச் சேவையில் ஒரு மாதத்துக்கு 35 ரிங்கிட் என்று எடுத்துக்கொள்வோம். தந்தை, தாய், இடைநிலைப்பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள் என நால்வருக்கும் சேர்த்து 140 ரிங்கிட். 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 56 மாநகர், நகராண்மைப் பகுதிகளில் 1,200 ரிங்கிட். பிற இடங்களில் 1,100 ரிங்கிட். தரவின் விலை கிராமத்துக்காகக் குறையவில்லை. சம்பளம் மட்டும் குறைந்திருந்தது. 1,100 ரிங்கிட் சம்பளத்தில் 140 ரிங்கிட் என்பது ஏறக்குறைய 13 விழுக்காடு. இதை ஓர் அனைத்துலக அளவுகோலுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐக்கிய நாட்டு அமைப்பின் அகன்ற அலைவரிசை ஆணையம் 2018ஆம் ஆண்டில், அடிப்படை இணையச் சேவையின் விலை ஒரு நாட்டின் தனிநபர் சராசரி மாத வருமானத்தில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்ற இலக்கை வகுத்தது. 1,100 ரிங்கிட்டில் 2 விழுக்காடு 22 ரிங்கிட். ஒருவருக்கே அது போதாது. நாட்டுச் சராசரியை வைத்துக் கணக்கிட்டால் இது தெரியாது. இங்கும் சராசரி என்ற போர்வை பலவற்றை மூடிவிடுகிறது.

அட்டையில் அச்சிடப்பட்ட விலை முழு விலையும் அன்று. வீட்டருகே ஒரு நிறுவனத்தின் அலையும் பள்ளியருகே வேறொரு நிறுவனத்தின் அலையும் கிடைத்தால் இரண்டு சிம் அட்டைகள் வாங்க நேரிடும். அலை கிடைக்கும் மேட்டுக்கோ சாலை முனைக்கோ மோட்டார் சைக்கிளில் சென்று வரப் பெட்ரோல் செலவாகும். 35 ரிங்கிட் கொடுத்து 30 நாள் தரவு வாங்கியவருக்கு நாள் ஒன்றுக்கு 1.17 ரிங்கிட் ஆகிறது. ஆனால், மழையாலும் பழுதாலும் நெரிசலாலும் 12 நாள் மட்டுமே அதைச் சரிவரப் பயன்படுத்த முடிந்தால், அவருக்கு உண்மையில் நாள் ஒன்றுக்கு 2.92 ரிங்கிட் செலவாகிறது. பயன்படுத்தாத தரவு மாத முடிவில் காலாவதியாகிவிடும். நகரத்தவரைவிடக் குறைவாகப் பெறுபவர் அதற்காகக் கூடுதலாகச் செலுத்துகிறார்.

கைப்பேசியின் விலையும் இதில் சேரும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயா ஆகிய இடங்களில் 5ஜி சேவை தொடங்கியது. அதே ஆண்டு இறுதிக்குள் 3ஜி சேவை நாடு முழுவதும் மூடப்பட்டது. பழைய அலைக்கற்றையை 4ஜிக்குத் திருப்பிவிடுவதற்காக எடுக்கப்பட்ட சரியான முடிவு அது. எனினும், பழைய கைப்பேசி வைத்திருந்த பாட்டி, தாத்தாக்களுக்கு அதன் பொருள், இணையம் வேண்டுமானால் புதுக் கைப்பேசி வாங்க வேண்டும் என்பதே.

பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் இவை அனைத்தும் மாணவர்களின் தலையில் விழுந்தன. இல்லிருப்புக் கற்றல் கற்பித்தலில் ஒரு மணி நேரக் காணொலி வகுப்புக்குக் குறைந்தது அரை கிகாபைட் தேவை என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு மூன்று மணி நேரம், மாதத்துக்கு 20 நாள் என்ற கணக்கில் ஒரு பிள்ளைக்கு மட்டும் 30 கிகாபைட் வேண்டும். கல்வி, வேலை சார்ந்த பயன்பாட்டுக்காகக் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை நாளுக்கு 1 கிகாபைட் இலவசமாக வழங்கும் ஏற்பாடு 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. அலை கிடைத்தவர்களுக்கு அது பேருதவி. அலையே எட்டாத இடத்தில் இலவசத் தரவால் என்ன பயன்? கல்வி அமைச்சு 2020ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வில், கணக்கெடுக்கப்பட்ட மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் கற்றலுக்குரிய கருவி எதுவுமே இல்லை என்பதும் தெரியவந்தது. உட்புறப் பள்ளி ஆசிரியர்கள் பலர் பயிற்சித்தாள்களை அச்சிட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தனர். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'டிடிக் டிவி' என்னும் கல்வித் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப்பட்டதற்கும் இணையம் எல்லா வீடுகளையும் எட்டவில்லை என்ற உண்மையே முக்கியக் காரணம்.

கோபுரமும் ஒளியிழையும் செல்ல இயலாத இடங்களுக்கு வானமே வழி. சரவாக்கின் கெலாபிட் மேட்டுநிலத்தில் உள்ள பாரியோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூருக்கு மீரியிலிருந்து சிறு விமானத்தில் செல்வதே வழக்கம். 1990களின் இறுதியில் சரவாக் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊர்மக்களுடன் இணைந்து அங்கே ஒரு திட்டத்தைத் தொடங்கினர். செயற்கைக்கோள் தட்டு வழியாக இணையம் வந்தது. கணினிகள் சூரிய ஒளியாலும் ஜெனரேட்டராலும் இயங்கின. கருவிகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பிவிடாமல், இணையம் எதற்கு வேண்டும் என்று ஊர்மக்களிடம் முதலில் கேட்டது அத்திட்டத்தின் சிறப்பு. நகரங்களுக்குப் படிக்கவும் வேலைக்கும் சென்ற பிள்ளைகளுடன் தொடர்புகொள்ள வேண்டும் என்பது பெரியவர்களின் விருப்பங்களுள் ஒன்றாக இருந்தது.

செயற்கைக்கோள் இணையத்துக்கும் வரம்பு உண்டு. வழக்கமான தொடர்புச் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. ஒரு கேள்வி மேலே சென்று கீழே இறங்கி, அதன் பதிலும் அதே வழியில் திரும்ப 1,44,000 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். ஒளியின் வேகத்தில் சென்றாலும் ஏறக்குறைய அரை விநாடி ஆகும். மின்னஞ்சலுக்கு இது பொருட்டல்ல. உரையாடலில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் விண்ணில் செலுத்தப்பட்ட மியாசாட்-3டி செயற்கைக்கோள், உட்புறப் பகுதிகளுக்கு இணையம் வழங்கும் நோக்கத்தையும் கொண்டது. ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்ற தாழ்வட்டச் செயற்கைக்கோள்களில் காலத்தாமதம் மிகக் குறைவு. அதற்குரிய கருவியையும் மாதக் கட்டணத்தையும் ஒரு குடும்பம் தனியே ஏற்பது கடினம். ஒரு பள்ளியோ நீண்டவீடோ சமூக மையமோ வாங்கிப் பலர் பகிர்ந்துகொள்ளும்போதே அது கட்டுப்படியாகிறது.

இதற்கிடையில், சேவை குறைந்த ஊர்களில் உள்ளவர்கள் ஒன்றைச் செய்யலாம். "லைன் மோசம்" என்று மட்டும் முறையிட்டால் நிறுவனத்தால் அதிகம் செய்ய முடியாது. செய்யாமலிருப்பதற்கும் அது வசதியாகிவிடும். வேகத்தை அளக்கும் இலவசச் செயலிகள் உள்ளன. வீட்டுக்குள், வாசலில், பள்ளியருகே என மூன்று இடங்களிலும், காலை, மாலை, இரவு என மூன்று வேளைகளிலும் பதிவிறக்க வேகத்தையும் பதிவேற்ற வேகத்தையும் ஒரு வாரத்துக்குக் குறித்துவைத்தால் சிக்கலின் வகை புரியும். எல்லா வேளையிலும் வேகம் குறைவாக இருந்தால் அலை எட்டவில்லை என்று கொள்ளலாம். விடியற்காலையில் நன்றாக இருந்து இரவு எட்டு மணிக்கு மட்டும் குறைந்தால் நெரிசல். பதிவிறக்கம் சரியாக இருந்து பதிவேற்றம் மட்டும் தோற்றால் கோபுரம் தொலைவில் உள்ளது. இந்தக் குறிப்புகளுடன் முதலில் சேவை நிறுவனத்திடமும், பதில் கிடைக்காவிட்டால் ஆணையத்திடமும் முறையிடலாம். ஓர் ஊரின் இருபது வீடுகள் இத்தகைய குறிப்பை ஒன்றாகச் சேர்த்து அனுப்பினால், சராசரிக்குள் மறைந்துகிடந்த அந்த ஊரின் வேகம் முதன்முறையாக ஒரு தாளில் தனியே தெரியும்.